மலையூரில் அறை தேடும் பெங்களூருவாசிகள்: முன்பணம் செலுத்தும் முன் சரிபார்க்க வேண்டியவை

பெங்களூரு: தொடர் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெங்களூருவில் இருந்து மலையூர்களை நோக்கிக் கார்களும் பேருந்துகளும் அணிவகுக்கின்றன. மேற்கே சக்லேஷ்பூர், சிக்கமகளூரு, மடிக்கேரி, தென்மேற்கே வயநாடு, தெற்கே உதகை, குன்னூர், கோத்தகிரி, தென்கிழக்கே ஏற்காடு என ஒரு பகல் பயணத்தில் சென்றடையக்கூடிய இடங்கள் பல. இவை அனைத்தும் சிறிய ஊர்கள். இங்குள்ள அறைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு; வருவோர் பெரும்பாலும் ஒரே வெள்ளிக்கிழமை இரவில் புறப்படுகின்றனர்.

இந்த நெருக்கடியில், கிடைத்த அறையை உடனே பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஏற்படுகிறது. அந்த அவசரமே இழப்புக்கும் வழிவகுக்கிறது. போலி விடுதிக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவோர், இரவு நேரத்தில் வனச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுவோர், கனமழை நாளில் சரிவான நிலத்தில் அமைந்த குடிலில் சிக்கிக்கொள்வோர் எனப் பாதிப்புகள் பல வகை. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பெங்களூருவில் இருந்தபடியே, பணம் செலுத்துவதற்கு முன்பே தவிர்க்க முடியும். அதற்கு முதலில் பாதை, அடுத்து விடுதியின் பதிவு, பின்னர் பருவமழை, இறுதியாக விலை என்ற வரிசையில் சரிபார்ப்பது பயன் தரும்.

அறைக்கு முன் பாதை

பெங்களூருவில் இருந்து மைசூரு, குண்டுலுப்பேட்டை வழியாக உதகை செல்லும் சாலை பந்திப்பூர், முதுமலை ஆகிய இரு புலிகள் காப்பகங்களைக் கடந்து செல்கிறது. வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் உயிரிழப்பதைத் தடுக்க, பந்திப்பூர் வனப்பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தடை, குண்டுலுப்பேட்டையில் இருந்து முத்தங்கா வழியாக வயநாடு செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கும், அனுமதிக்கப்பட்ட மிகச் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை மாலை பணி முடிந்து பெங்களூருவில் இருந்து காரில் புறப்படுவோர் இரவு 9 மணிக்குள் பந்திப்பூரைக் கடப்பது அரிது. அவ்வாறு புறப்படுவோர் உதகையில் அன்றிரவுக்கு அறை எடுத்தால் அந்தப் பணம் வீணாகும். முதல் இரவை மைசூருவில் கழித்துவிட்டு அதிகாலையில் மலையேறுவது அவர்களுக்குப் பொருத்தமானது. சேலம், மேட்டுப்பாளையம் வழியாகச் செல்லும் பாதை நீண்டது என்றாலும் காப்பகத் தடைகளில் சிக்காது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் திம்பம் மலைப்பாதையிலும் இரவு நேரக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதுமலையின் தெப்பக்காட்டில் இருந்து உதகைக்கு இரு வழிகள் பிரிகின்றன. கூடலூர் வழி நீளமானது, ஏற்றம் மிதமானது. மசினகுடி, கல்லட்டி வழி குறுகியது, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட செங்குத்தான பாதை. மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதோர் இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பி விபத்துக்குள்ளாவதால், இங்கு வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன. விடுதி இந்தப் பாதையில் அமைந்திருந்தால், எந்தத் திசையில் வாகனம் அனுமதிக்கப்படுகிறது என்பதை உரிமையாளரிடமே கேட்டறிவது நல்லது.

இருசக்கர வாகனத்தில் செல்வோருக்கு மற்றொரு தகவல். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடத்தில் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் இணைப்புச் சாலையையே பயன்படுத்த வேண்டும் என்பதால் பயண நேரம் கூடும்.

இ-பாஸ் இருந்தால்தான் அறைக்குப் பயன்

உதகையிலும் கொடைக்கானலிலும் அறை முன்பதிவு செய்தவர்கள், தமிழக அரசின் இ-பாஸ் பெறுவதையும் அதனுடன் சேர்த்தே திட்டமிட வேண்டும். கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2024 மே 7 முதல் இவ்விரு மலைப்பகுதிகளுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் எண்ணிக்கை வரம்பு இல்லாமல், வருவோர் விவரங்களைத் திரட்டும் ஏற்பாடாகவே இது இருந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் நிலைமை மாறியது. அவ்வாண்டுக் கோடைக்கு உதகையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 வாகனங்கள் என்றும் உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. மலைப்பகுதிகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதை ஆராயும் பணியில் சென்னை ஐ.ஐ.டி.யுடன் பெங்களூரு ஐ.ஐ.எம். நிறுவனமும் ஈடுபடுத்தப்பட்டது. இத்தகைய வரம்பு நடைமுறையில் உள்ள காலத்தில், அறை உறுதியாகியும் வாகனத்துக்கு அனுமதி கிடைக்காத நிலை ஏற்படக்கூடும். ஆகவே இ-பாஸ் பெற்ற பிறகே திரும்பக் கிடைக்காத முன்பணத்தைச் செலுத்துவது பாதுகாப்பானது.

இ-பாஸ் இலவசம். அதைப் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்ப வேண்டியதில்லை. வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் ஆகிய விவரங்களை அரசு இணையதளத்தில் பதிவிட்டால் போதும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. தொடர் விடுமுறையில் பெங்களூருவில் இருந்து உதகைக்குப் பேருந்தில் செல்வது இக்காரணத்தால் எளிதான தெரிவாக அமைகிறது. மலையூரின் குறுகிய தெருக்களில் வாகனம் நிறுத்த இடம் தேடும் சிரமமும் இல்லை.

ஹோம்ஸ்டே என்ற சொல்லின் பொருள்

கர்நாடகத்தின் மலையூர்களில் தங்குமிடம் என்றதும் முதலில் வருவது ஹோம்ஸ்டே. இதற்குக் காபியின் வரலாற்றோடு தொடர்பு உண்டு. நாட்டின் காபி விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில் இருந்து கிடைக்கிறது. குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களே அதன் மையம். 1989-இல் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்த பிறகும், மீண்டும் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் காபி விலை கடுமையாகச் சரிந்தது. தோட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத சிறு, நடுத்தரத் தோட்டக்காரர்கள் பலருக்கு, வீட்டின் சில அறைகளைப் பயணிகளுக்கு ஒதுக்கியது துணை வருமானமாக அமைந்தது. வீட்டுச் சமையல், தோட்டத்துக் காபி, உரிமையாளரின் நேரடிக் கவனிப்பு ஆகியவையே அதன் அடையாளம்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும் இந்த அடிப்படையையே வலியுறுத்துகிறது. ஓர் அறை முதல் அதிகபட்சம் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். படுக்கைகள் 12-ஐத் தாண்டக் கூடாது. உரிமையாளர் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். தரத்தைப் பொறுத்து தங்கம், வெள்ளி என இரு பிரிவுகளில் சான்று வழங்கப்படுகிறது. மாநில அரசின் பதிவுக்கு, காவல்துறையின் தடையின்மைச் சான்று, உள்ளாட்சி அமைப்பின் அனுமதி போன்றவை கோரப்படுகின்றன.

நடைமுறையில், உரிமையாளர் வேறு நகரில் வசிக்க, பணியாளர் ஒருவரின் பொறுப்பில் இயங்கும் வாடகை வீடுகளும், பத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட லாட்ஜுகளும்கூட ஹோம்ஸ்டே என்ற பெயரில் விளம்பரம் செய்யப்படுகின்றன. எனவே, "உரிமையாளர் அங்கேயே தங்கியிருக்கிறாரா?", "சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன?" என்ற இரு கேள்விகளே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். முறையாகப் பதிவு செய்தவர்கள் எண்ணைத் தெரிவிக்கத் தயங்குவதில்லை. இரவில் உடல்நலம் குன்றினாலோ, மரம் விழுந்து சாலை அடைபட்டாலோ உதவிக்கு வர உள்ளூர்க்காரர் ஒருவர் அருகில் இருப்பாரா என்பது இதில் அடங்கியிருப்பதால், இவை வெறும் ஆவணக் கேள்விகளாக முடிந்துவிடுவதில்லை.

அனுமதியற்ற கட்டடத்தில் தங்குவோருக்கு ஏற்படும் நிலையை மசினகுடி எடுத்துக்காட்டியது. சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இயங்கிய 27 விடுதிகளுக்கு சீல் வைக்க 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14-இல் யானை வழித்தட அறிவிக்கையை உறுதி செய்தும் தீர்ப்பளித்தது. வனத்தை ஒட்டி அறை எடுப்போர், விடுதிக்குரிய அனுமதி இருக்கிறதா என்று கேட்பது விலங்குகளின் நலனுக்கும் தங்கள் பணத்தின் பாதுகாப்புக்கும் ஒருசேர உதவும்.

சிறிய மலையூர்களில் விதிமுறைக்கும் நடைமுறைக்கும் உள்ள இந்த இழுபறி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வடக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் நகரில் இருந்து 762 வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய பாய் என்ற சிற்றூரும் வீட்டு விடுதிகளையே பெரிதும் நம்பியுள்ளது. அந்நாட்டின் 2004-ஆம் ஆண்டு ஓட்டல் சட்டம் உரிமம் கோருகிறது. சிறு விடுதிகளுக்கு அது சுமையாக இருந்ததால், 2023-இல் எட்டு அறைகள், 30 விருந்தினர்கள் என்ற அளவுக்குள் இருப்பவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அவை பதிவாளரிடம் தகவல் தெரிவித்தாக வேண்டும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கும் கடமை அங்கும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இந்தியாவில் 'சி' படிவம் என அழைக்கப்பட்டு வந்த இந்த நடைமுறை ஹோம்ஸ்டேகளுக்கும் பொருந்தும். பெங்களூருவில் பணிபுரியும் வெளிநாட்டு நண்பருடன் செல்வோர், விடுதியில் இவ்வசதி உள்ளதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போலி முன்பதிவின் வழிமுறை

சுற்றுலாப் பயணிகளையும் யாத்ரீகர்களையும் குறிவைக்கும் போலி முன்பதிவு இணையதளங்கள் குறித்து, மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. உண்மையான விடுதியின் படங்களை எடுத்துக்கொண்டு, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி விளம்பரம் செய்வதே பொதுவான உத்தி. தேடுபொறியில் முதலில் தோன்றும் எண்ணுக்கு அழைத்தால், மறுமுனையில் கனிவாகப் பேசுவோர் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பி, "இன்னும் ஒரே அறைதான் இருக்கிறது" என அவசரப்படுத்துவர். சந்தை விலையைவிடக் குறைந்த கட்டணம் கூறி, முன்பணத்தை யு.பி.ஐ. மூலம் கேட்பர். பணம் சென்றதும் "கணினியில் பதிவாகவில்லை, மீண்டும் அனுப்புங்கள், முதல் தொகை தானாகத் திரும்பும்" என்று இரண்டாம் முறை கேட்பதும் உண்டு.

இதை முறியடிக்கச் சில எளிய வழிகள் உள்ளன. விடுதியின் எண்ணை ஒரே இடத்தில் இருந்து எடுக்காமல், குறைந்தது இரண்டு தளங்களில் ஒப்பிட வேண்டும். விடுதியின் முகப்பையும் அறையையும் காணொலி அழைப்பில் காட்டக் கோரலாம்; உண்மையில் அங்கிருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. பணம் அனுப்பும் முன் யு.பி.ஐ. செயலியில் தோன்றும் கணக்குதாரரின் பெயரும், உரிமையாளர் அல்லது விடுதியின் பெயரும் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெற யு.பி.ஐ. ரகசிய எண் தேவைப்படாது. அதைக் கேட்டால் மோசடி என்று உறுதி கொள்ளலாம்.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுவதற்கு முன் புகார் அளித்தால்தான் அதை முடக்கும் வாய்ப்பு அதிகம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

மழைக்காலம் எல்லா மலைக்கும் ஒன்றல்ல

மழையில் மலை அழகு கூடும். அறைக் கட்டணமும் குறையும். ஆனால் விடுதியின் இருப்பிடம் உயிர்ப் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் காலமும் அதுவே. 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையும் நிலச்சரிவுகளும் பேரழிவை ஏற்படுத்தின. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியின் பிரம்மகிரி மலையில் சரிவு ஏற்பட்டது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பெங்களூருவில் இருந்து திட்டமிடுவோர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி, மலைகளின் ஆபத்தான பருவம் திசைக்கேற்ப மாறுகிறது என்பது. குடகு, சிக்கமகளூரு, சக்லேஷ்பூர், வயநாடு, கூடலூர் ஆகியவை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையைப் பெறுபவை. நீலகிரியின் மேற்குப் பகுதியில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அதே நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே அதிக ஆபத்தானது. 2009 நவம்பரில் அப்பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகஸ்டில் மடிக்கேரியைத் தவிர்ப்பவர், நவம்பரில் குன்னூரையும் அதே கவனத்துடன் அணுக வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய இரு நாள்களில் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்ப்பது இன்றியமையாதது. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மாவட்ட நிர்வாகங்கள் சுற்றுலாத் தலங்களை மூடுவது வழக்கம். சிராடி போன்ற மலைப்பாதைகளும் மண்சரிவால் தடைபடுவதுண்டு. அத்தகைய நாளில் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதிக்கு மாற்றலாமா என்பதை வாட்ஸ்அப் செய்தியாகவேனும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விடுதியின் இடத்தைப் படங்களைக் கொண்டு மதிப்பிடுவதும் இயலும். அண்மையில் வெட்டப்பட்ட செங்குத்தான மண்சுவரின் அடியிலோ, ஓடையின் கரையிலோ, சரிவில் தூண்கள் மீதோ கட்டப்பட்ட குடில்கள் மழைக்காலத்துக்கு ஏற்றவையல்ல. "பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அறை" என்ற விளம்பர வாசகம், அறை சரிவின் விளிம்பில் இருப்பதையும் சில வேளைகளில் உணர்த்துகிறது.

அறைக்குள்ளும் கவனம்

குளிர் மிகுந்த மலையூர்களில், மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ 'பார்பிக்யூ' கரியையோ எரியவிட்டுத் தூங்குவது உயிரைப் பறிக்கும். எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் ஏற்படுகிறது. காற்றோட்டமற்ற குளியலறையில் பொருத்தப்பட்ட கேஸ் கீசரும் இதே ஆபத்தைக் கொண்டது. கீசர் குளியலறைக்கு வெளியே உள்ளதா, அறையில் மின் வெப்பமூட்டி கிடைக்குமா எனக் கேட்பது வீண் ஐயமாகாது. கைபேசி இணைப்பு, மின்தடை நேரத்தில் மாற்று ஏற்பாடு, அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைவு, விடுதியின் வாயில் வரை சாதாரணக் கார் செல்லுமா அல்லது ஜீப் தேவையா என்பவையும் முதியோர், குழந்தைகளுடன் செல்வோருக்கு முக்கியமானவை.

கட்டணமும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட கட்டணத்துக்கு 18 சதவீதம் வசூலிக்கப்படுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஹோம்ஸ்டே, நேரடி முன்பதிவில் தனியாக வரி சேர்த்துக் கேட்க முடியாது. ரசீதில் பதிவு எண் உள்ளதா எனப் பார்ப்பது பயணியின் உரிமை. காலை உணவு, கூடுதல் படுக்கை, ஓட்டுநருக்கான இடம், வாகன நிறுத்தம் ஆகியவை கட்டணத்தில் அடங்குமா என்பதையும் முன்பே தெளிவுபடுத்திக்கொண்டால் கடைசி நேரச் சச்சரவு இல்லை.

தனியார் இடங்களை நேரில் சரிபார்க்க இயலாதவர்களுக்கு அரசு விடுதிகள் நம்பகமான மாற்று. கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'மயூரா' விடுதிகள் மடிக்கேரியில் ராஜா சீட் பூங்கா அருகிலும், உதகையிலும், நந்தி மலையிலும் உள்ளன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' உதகை, ஏற்காடு, கொடைக்கானலில் இயங்குகிறது. வனச் சூழலை விரும்புவோருக்குக் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தின் முகாம்கள் உண்டு; கட்டணம் சற்று அதிகம் என்றாலும் உணவும் சஃபாரியும் பெரும்பாலும் அதில் அடங்கும். இவற்றில் தொடர் விடுமுறை நாள்கள் விரைவில் நிறைந்துவிடும் என்பதால், பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. அதிகாரப்பூர்வ இணையதளம் அல்லாத வேறு எண்களில் அரசு விடுதிகளுக்குப் பணம் செலுத்தக் கூடாது.

விடுமுறை நாள்களைத் தவிர்த்து, ஞாயிறு மாலை முதல் வியாழன் வரையிலான இரவுகளைத் தேர்ந்தெடுப்போருக்கு மேற்கண்ட சிக்கல்களில் பல எழுவதே இல்லை. இ-பாஸ் எளிதில் கிடைக்கும், கட்டணம் குறையும், விடுதி உரிமையாளருக்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல நேரம் இருக்கும். கோடையில் தங்கள் வீட்டுக் குடிநீருக்கே காத்திருக்கும் மலையூர் மக்களுக்கும் அது சற்று ஆறுதல் அளிக்கும்.

முன்பதிவு தொடர்பான சேவைக் குறைபாடுகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும், இணைய மோசடிக்கு 1930-ஐயும், பயணத்தின்போது ஏற்படும் எந்த அவசரத்துக்கும் 112-ஐயும் அழைக்கலாம்.